அரைப் பேர்

அரசனுக்கு எத்தனையாம் இலக்கப் பூச்சு என்று
காலையிலிருந்து யாரும் சொல்லவில்லை.
ஹுன்னஸ்கிரிய வாடிவீட்டு விறாந்தையில்
பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்று, கோதுமை மா.
ஏழு, கித்துள் கருப்பட்டி.
பதினொன்றின் மூடியை இன்னும் உடைத்ததே இல்லை.
பதினொன்றாம் இலக்கத்துக்குப் படங்களில் வசனம் கிடையாது,
எதையாவது தூக்கிக்கொண்டு போகும்.

உள்ளே தகராறு.
கொழும்பிலிருந்து வந்த கதாநாயகன் சஹான்
பால் டொபி நிறம்.
கலாநிதி கருணாதிலக மேசையைத் தட்டுகிறார்:
கண்டியின் கடைசி அரசன் நாயக்கர் வழி,
கடல் தாண்டி வந்த குடி,
ஓவியத்தைப் பாருங்கள் ஐயா, ஓவியத்தை.
ஓவியம் கீறியவன் வெள்ளைக்காரன் என்கிறார் முதலாளி,
அவன் கண்ணுக்கு நாமெல்லாம் ஒரே கறுப்பு.
சரி, அரசன் மனைவியோடு
எந்த மொழியில் கோபித்துக்கொண்டான்?
இது வசனம் எழுதும் பையன்.
எந்த ஏட்டிலும் இல்லை.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.

அவர்கள் பேசுவது முழுக்கச் சிங்களம்.
'தெமள' என்ற சொல் வரும்போது மட்டும்
குரலைத் தாழ்த்துகிறார்கள்,
நான் இருப்பதால்.
மரியாதைதான். தெரியும்.
அந்த இடத்தில் நானும் பிரஷ்ஷைக் கழுவுகிறேன்.

வெளியே மேட்டில்
பல்லக்குத் தூக்க நாற்பது பேர்,
பிரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக.
கதாநாயகன் தூங்குகிறான்,
வெளிச்சம் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
கவ்வாத்து வெட்டும் மருதப்பனை நிறுத்தினார்கள்,
அட்டை கடித்தாலும் அசையமாட்டார் என்று
சிபாரிசு செய்தது யாரோ.
தலையில் தங்கத்தாள் ஒட்டிய மட்டைக் கிரீடம்.

பனி ஒரு பக்கமாக விலகியது.
பிளேன்டி குடிக்க வெளியே வந்த வரலாறு
படியிலேயே நின்றுவிட்டது.
கலாநிதியின் கோப்பை சரிந்து
சட்டையில் ஊற்றியது, அவர் பார்க்கவில்லை.
அந்தத் தாடை, அவர் சொன்னார்.
காதில் தூர்ந்துபோன துளைகூட இருக்கிறதே.

நடக்கச் சொன்னார்கள்.
மருதப்பன் நடந்தார்,
சரிவில் இறங்குகிறவர் நடக்கும் நடை,
முழங்கால் முன்னால், முதுகில் இல்லாத சுமை.
அரசன் அப்படி நடக்கமாட்டான் என்றார்
கலாநிதியே.
எப்படி நடப்பான் என்று கேட்டான் பையன்.
அதற்கும் ஏடு இல்லை.

கிரீடம் நெற்றியில் அறுத்திருந்தது.
எண்ணெய் தொட்டு நான் துடைக்கையில் கேட்டார்:
"அந்த ஆளு கடைசியில என்ன ஆனாரு புள்ள?"
"இந்தப் பக்கந்தான், மெதமகநுவரயில புடிச்சு,
கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. வேலூருக்கு."
"ஓகோ" என்றார்.
பிறகு, "எங்க பெரியப்பாவையுந்தான்.
கோச்சியில தலைமன்னாரு, அங்கேருந்து கப்பலு.
அவருக்கும் கடுதாசி குடுத்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை.
உள்ளே போய்க் கலாநிதியைக் கேட்டிருக்கலாம்,
அவருக்குத் தெரிந்திருக்கும்.
கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு முடிவு வந்தது:
சஹானுக்கு ஏழு, அதில் ஒரு சொட்டுப் பதினொன்று,
உண்மைக்காக.
மூடியை உடைத்து முதலில்
என் மணிக்கட்டில் தடவிப் பார்த்தேன்.
தடவிய இடம் எது என்று
பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை.

மருதப்பனுக்கு அரைப் பேர் போட்டார்கள்,
வெளிச்சம் பார்த்தது பகல் வரைக்குந்தானே.
சம்பளத் தாளில் பேருக்கு நேரே
'ஒளி' என்று எழுதியிருந்தது.
வாசித்துக் காட்டினேன்.
சிரித்தார். பல்லக்கு வரிசைக்குப் போனார்,
பின்பக்கம், இடது தண்டு.

நாளைக்கு அரசியைப் பற்றிய தகராறு.
மூன்றாம் இலக்கத்தில் இரண்டு டப்பா
தெல்தெனியவில் வாங்கிவரச் சொல்லி
இப்போதே சீட்டு வந்திருக்கிறது.